கூட்டாக இழந்ததைத் தனியாகக் கேட்பது: தாம்பரத்து ஓய்வூதியர்களும் நீதிமன்ற அதிகார வரம்பும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் உழைத்து ஓய்ந்தவர்களின் ஊர்கள். தாம்பரத்தில் ரயில்வேயின் மின்தொடர் வண்டிப் பணிமனை இருக்கிறது. விமானப்படைத் தளம் இருக்கிறது. சானடோரியத்தில் 1984 முதல் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம். பல்லாவரத்தில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனி பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. குரோம் தோல் பதனிடும் ஆலையின் பெயரையே ஊர்ப்பெயராக ஏற்ற குரோம்பேட்டையில் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனைகள். பெருங்களத்தூர்–வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் கார் செய்துகொண்டிருந்தது. 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இங்கெல்லாம் வேலை பார்த்தவர்கள் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் அஸ்தினாபுரத்திலும் முடிச்சூரிலும் மனை வாங்கி வீடு கட்டி, இன்று பென்ஷனில் காலம் தள்ளுகிறார்கள்.

இவர்களில் ஒருவருக்குப் பென்ஷன் தவறாகக் கணக்கிடப்பட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பவர்களுக்கு இதற்கு வெவ்வேறு பதில்கள் உண்டு. ரயில்வேயில் ஓய்வுபெற்றவர் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். விமானப்படையில் இருந்தவர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போக வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியருக்கு முன்பு மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது, அதை மூடிவிட்டார்கள். இப்போது அவருக்கு நேரே உயர் நீதிமன்றம்தான். மாநகரப் பேருந்து நடத்துநருக்குத் தனி ஓய்வூதிய அறக்கட்டளை. அதன்மீது குறை இருந்தால் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் ரிட். தனியார் கம்பெனித் தொழிலாளிக்கோ, தொழிலாளர் வருங்கால வைப்புநிதி நிறுவனமான இ.பி.எஃப்.ஓ.வின் தாம்பரம் மண்டல அலுவலகம். அந்த அலுவலகம் கைவிரித்துவிட்டால் அடுத்து எந்த வாசல் என்பது வக்கீல்களுக்கே வாதத்துக்குரிய விஷயம்.

எந்த வாசல் என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஓய்வூதியத்தில் நடக்கும் தவறு அநேகமாக ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. ஒரு சுற்றறிக்கை, ஒரு கணக்கீட்டு முறை, ஒரு வெட்டு தேதி ஒரே நாளில் லட்சம் பேரைப் பாதிக்கும். அந்த லட்சம் பேரும் ஒரே வழக்கில் நிற்க முடியுமா? அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு? இந்தியச் சட்டம் இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை. துண்டு துண்டாகத் தந்திருக்கிறது. அந்தத் துண்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியில் தனியார் துறை ஓய்வூதியர்தான் விழுந்துகிடக்கிறார் என்பது என் முடிவு.

முதலில் பழைய சட்டத்தைப் பார்ப்போம். ஓய்வூதியத்தையும் நீதிமன்றத்தையும் பிரித்து வைப்பது ஆங்கிலேயர் காலத்து வழக்கம். 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டம், அரசு அளித்த பென்ஷன் பற்றிய வழக்குகளை உரிமையியல் நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்றது. கேட்பவர் கலெக்டரிடம்தான் போக வேண்டும். பென்ஷன் என்பது அரசு மனமுவந்து கொடுக்கும் கொடை, அதற்கு உரிமை கொண்டாட முடியாது என்ற எண்ணமே அதன் அடிப்படை. இந்த எண்ணத்தை உச்ச நீதிமன்றம் 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில் உடைத்தது. பென்ஷன் கொடை அல்ல, சொத்துரிமை என்றது.

அடுத்து வந்தது நகாரா வழக்கு. 1982 டிசம்பர் 17 அன்று தீர்ப்பு வந்தது. அந்த நாளைத்தான் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தாராளமாக்கப்பட்ட பென்ஷன் கணக்கீடு 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வுபெற்றவர்களுக்கு மட்டும்தான் என்று மத்திய அரசு வைத்த வெட்டு தேதி செல்லாது என ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு சொன்னது. எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தக் கொள்கையை. நான் கவனிக்கச் சொல்வது மனுதாரர்கள் யார் என்பதை. ஓய்வுபெற்ற இருவருடன் மூன்றாவது மனுதாரராக 'காமன் காஸ்' என்ற பொதுநல அமைப்பு நின்றது. அந்த அமைப்புக்குப் பென்ஷன் வராது. வழக்குப் போடச் செலவில்லாத, உடம்புக்கு முடியாத ஆயிரக்கணக்கானோருக்காக அது வந்தது. நீதிமன்றமும் அதை ஏற்றது. தீர்ப்பின் பலன் நீதிமன்றப் படியேறாத லட்சக்கணக்கானோரைப் போய்ச் சேர்ந்தது. கூட்டு வழக்கு என்றால் இதுதான்.

ஆனால் நகாராவின் எல்லை சீக்கிரமே சுருங்கியது. ரயில்வேயில் பென்ஷனுக்குப் பதில் வருங்கால வைப்புநிதியைத் தேர்ந்தெடுத்து ஓய்வுபெற்றவர்கள் தங்களையும் பென்ஷனுக்கு மாற்றச் சொன்னபோது, 1990இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. வைப்புநிதிக்காரர் ஒரு வகுப்பு, பென்ஷன்காரர் வேறொரு வகுப்பு என்றது. தாம்பரத்து ரயில்வேக் குடியிருப்புகளில் அந்தத் தீர்ப்பின் வலியை அறிந்த குடும்பங்கள் இருந்திருக்கும். கூட்டு வழக்கில் எல்லாம் 'ஒரே வகுப்பா' என்ற கேள்வியில்தான் வந்து முடிகிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் முதல் ஆணை, எட்டாவது விதி இதற்கென்றே இருக்கிறது. ஒரே அக்கறை கொண்ட பலருக்காக ஒருவரோ சிலரோ நீதிமன்ற அனுமதியுடன் வழக்குப் போடலாம். மற்றவர்களுக்கு நேரிலோ பத்திரிகை விளம்பரம் மூலமோ அறிவிப்புக் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்துகொள்ளலாம். சம்பந்தப்பட்டவர்களுக்குச் சொல்லாமல் வழக்கை வாபஸ் வாங்கவோ சமரசம் செய்யவோ முடியாது. இந்த விதியின் வீச்சை நிர்ணயித்த முக்கியமான தீர்ப்பு சென்னையிலிருந்து போன வழக்கில்தான் பிறந்தது. அசோக் நகரில் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தின் வீடுகளைப் பெற்றவர்களிடம் வாரியம் கூடுதல் தொகை கேட்டது. ஒருவர் எல்லோருக்குமாக வழக்குப் போட்டார். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோட்டீஸ், தனித்தனித் தொகை, அதனால் கூட்டு வழக்கு செல்லாது என்று வாரியம் வாதாடியது. 1990இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அக்கறை ஒன்றாக இருந்தால் போதும், வழக்கெழும் காரணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்றது. ஓய்வூதியத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீர்ப்பு வேறில்லை. சம்பளமும் சேவைக்காலமும் ஆளுக்கு ஆள் மாறும். வெட்டு தேதி செல்லுமா என்ற கேள்வி எல்லோருக்கும் ஒன்று. பொதுக்கேள்வியைச் சேர்த்துத் தீர்த்துவிட்டுக் கணக்கைத் தனித்தனியே போட்டுக்கொள்ளலாம்.

இந்த விதி இருமுனைக் கத்தி என்பதையும் சொல்ல வேண்டும். நல்லெண்ணத்துடன் நடத்திய கூட்டு வழக்கு தோற்றால், அதில் கையெழுத்துப் போடாதவர்களையும் அந்தத் தீர்ப்பு கட்டும். அரைகுறை ஆவணங்களோடு அவசரமாகப் போட்ட வழக்கு ஒரு தலைமுறைக்கே கதவைச் சாத்திவிடலாம்.

மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம் இந்த விஷயத்தில் முன்மாதிரி. அதன் 1987ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் நான்காவது விதி, ஒரே நிவாரணம் கேட்கும் பலர் ஒரே மனுவில் சேரலாம் என்கிறது. எந்தப் பிரிவினருக்காக வருகிறோம் என்று தெளிவாகச் சொல்லிச் சங்கமும் மனுப் போடலாம், பாதிக்கப்பட்ட ஒருவராவது உடன் நின்றால். ஆக, ரயில்வேக்காரருக்கு அவருடைய தீர்ப்பாயத்தின் விதிப்புத்தகத்திலேயே கூட்டு மனுவுக்கு இடமிருக்கிறது. அடுத்த வீட்டுக் கம்பெனித் தொழிலாளிக்கு அந்த வசதி எழுத்தில் இல்லை. இந்த வேறுபாட்டுக்கு என்னால் ஒரு நியாயமும் காண முடியவில்லை.

இனி அந்தத் தொழிலாளியின் கதைக்கு வருவோம். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் 1995 நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போகும். மத்திய அரசு 1.16 சதவீதம் சேர்க்கும். இந்தக் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. முதலில் 5,000 ரூபாய், 2001 ஜூன் முதல் 6,500, 2014 செப்டம்பர் முதல் 15,000. உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். மூன்று பத்திகள் இருக்கும்: தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, பென்ஷன் பங்கு. முழுச் சம்பளத்துக்கும் பி.எஃப். கட்டப்பட்டால், முதல் இரண்டு பத்திகளில் சம்பளம் ஏற ஏறத் தொகை ஏறும். மூன்றாவதில் 2001க்குப் பிறகு மாதாமாதம் 541 என்றே இருக்கும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 1,250. சம்பளம் 20,000 ஆனாலும் 60,000 ஆனாலும் அது அசையாது. இருபது ஆண்டு உழைப்பின் பென்ஷன் தலையெழுத்து அந்த மூன்றாம் பத்தியில் இருக்கிறது. ஓய்வுபெறும் வரை அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை.

வித்தியாசம் எவ்வளவு? பென்ஷனுக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் சூத்திரம். 28,000 ரூபாய் சம்பளத்தில், திட்டத்தில் 18 ஆண்டுச் சேவையுடன் 2014இன் தொடக்கத்தில் ஒருவர் ஓய்வுபெற்றார் என்று வைத்துக்கொள்வோம். உச்சவரம்பான 6,500இன்படி அவருக்கு 1,671 ரூபாய். முழுச் சம்பளத்தின்படி 7,200 ரூபாய். முழுச் சம்பளத்துக்கு வழியே இல்லாமலும் இல்லை. 1996 மார்ச் 16 அன்று திட்டத்தில் ஒரு விதிவிலக்கைச் சேர்த்தார்கள். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து விருப்பம் தெரிவித்தால் முழுச் சம்பளத்துக்கும் 8.33 சதவீதம் கட்டலாம். அப்படிக் கிடைப்பதைத்தான் 'உயர் ஓய்வூதியம்' என்கிறார்கள். பெரும்பாலான தொழிலாளிகளுக்கு இந்த விதி இருப்பதே தெரியாது. தெரிந்து கேட்டவர்களிடம் 'காலம் கடந்துவிட்டது' என்றது இ.பி.எஃப்.ஓ.

இமாசலப் பிரதேசத்திலிருந்து போன ஆர்.சி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 அக்டோபர் 4 அன்று, அந்த விருப்பத்துக்கு வெட்டு தேதி கிடையாது என்றது. நகாராவைப் போல இந்தத் தீர்ப்பும் எல்லோரையும் சென்றடைந்திருக்க வேண்டும். 2017 மார்ச்சில் இ.பி.எஃப்.ஓ. அதைச் செயல்படுத்தச் சுற்றறிக்கை விட்டது. இரண்டே மாதத்தில் இன்னொரு கடிதம் வந்தது: சொந்தமாக பி.எஃப். டிரஸ்ட் நடத்தும் 'விலக்கு பெற்ற' நிறுவனங்களின் ஊழியர்களுக்கு இது பொருந்தாது. வழக்குப் போட்டவர்களுக்குப் பலன், போடாதவர்களுக்கு இல்லை. போட்டவர்களிலும் இன்ன கம்பெனிக்காரருக்கு உண்டு, இன்ன கம்பெனிக்காரருக்கு இல்லை என்று ஒரே தீர்ப்பைக் கூறுபோட்டார்கள். நாடெங்கும் உயர் நீதிமன்றங்களில் தனித்தனி ரிட் மனுக்கள் குவிந்தது அதன்பிறகுதான்.

இதற்கிடையே 2014 ஆகஸ்ட் 22 அறிவிக்கை திட்டத்தையே மாற்றியிருந்தது. கடைசி 12 மாதச் சராசரிக்குப் பதில் 60 மாதச் சராசரி. முழுச் சம்பளத்துக்குக் கட்ட விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் புதிதாக விருப்பம் தர வேண்டும். உச்சவரம்புக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 1.16 சதவீதத்தைத் தன் கையிலிருந்து போட வேண்டும். 2014 செப்டம்பருக்குப் பிறகு 15,000க்கு மேல் சம்பளத்தில் புதிதாக பி.எஃப்.இல் சேர்கிறவர்களுக்குப் பென்ஷன் திட்டமே கிடையாது. கேரள உயர் நீதிமன்றம் 2018 அக்டோபர் 12 அன்று இந்தத் திருத்தத்தைச் செல்லாது என்றது. 2019 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்த எடுப்பிலேயே தள்ளியது. ஓய்வூதியர்கள் இனிப்பு வழங்கினார்கள். 2021 ஜனவரியில் அந்தத் தள்ளுபடியை உச்ச நீதிமன்றமே திரும்பப் பெற்றது. ஆகஸ்டில் விவகாரம் பெரிய அமர்வுக்குப் போனது. கடைசியாக 2022 நவம்பர் 4 அன்று, தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. திருத்தம் பெரும்பாலும் செல்லும். தொழிலாளியிடமிருந்து 1.16 சதவீதம் கேட்பது மட்டும் செல்லாது. 2014 செப்டம்பர் 1 அன்று பணியிலிருந்து, விருப்பம் தராமல் விட்டவர்களுக்கு இன்னும் நான்கு மாத அவகாசம். விலக்கு பெற்ற நிறுவனத்தார்க்கும் இதே நீதி. அந்தத் தேதிக்கு முன்பே விருப்பம் தராமல் ஓய்வுபெற்றவர்களுக்கு எதுவும் இல்லை.

மேலே கணக்குப் போட்டுக் காட்டினேனே, 2014இன் தொடக்கத்தில் ஓய்வுபெற்றவர், அவருக்கு 1,671 ரூபாயோடு சரி. சில மாதம் கழித்து ஓய்வுபெற்ற அவருடைய சக தொழிலாளிக்கு வழி திறந்தது. வெட்டு தேதி வைத்து ஓய்வூதியர்களைப் பிரிக்கக் கூடாது என்று நகாரா சொல்லி நாற்பது ஆண்டு கழித்து இது நடந்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு வைப்புநிதி சார்ந்த திட்டத்துக்குப் பொருந்தாது என்று சட்டப்படி விளக்கம் சொல்லலாம்தான். ஆனால் அந்த முன்னாள் தொழிலாளிகள் 2022இல் தங்களுக்கென ஒரு பிரதிநிதியோடு அந்த நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதை மறக்கக் கூடாது. அங்கே இருந்தவை வெவ்வேறு உயர் நீதிமன்றங்களிலிருந்து வந்து ஒன்றுசேர்ந்த தனி வழக்குகள். கூட்டு வழக்கின் ஒழுங்கில், அதாவது அறிவிப்பு கொடுத்து, உட்பிரிவுகளை வகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் வாதாட ஆள் வைத்து நடந்திருந்தால், எழுத்துப்பூர்வ விருப்பம் இல்லாமல் முன்பே ஓய்வுபெற்றவர்களின் தரப்பு முழுமையாகக் கேட்கப்பட்டிருக்கும். தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை, கேட்கப்பட்டிருக்கும் என்கிறேன்.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததும் அதே கதைதான். அவகாசம் நீண்டு நீண்டு 2023 ஜூலை 11இல் முடிந்தபோது சுமார் 17.5 லட்சம் விண்ணப்பங்கள் சேர்ந்திருந்தன. முதலாளிகள் சம்பள விவரத்தைப் பதிவேற்றுவதற்கான கெடு 2025 ஜனவரி 31 வரை தள்ளிப்போனது. வைப்புநிதித் திட்டத்தின் 26(6)ஆம் பத்தியின் கீழ் முழுச் சம்பளத்துக்கு பி.எஃப். கட்ட அன்று கொடுத்த கூட்டு விருப்பக் கடிதம் எங்கே என்று இ.பி.எஃப்.ஓ. கேட்டது. இருபது ஆண்டுக்கு முன் கம்பெனி கிளார்க் வாங்கி வைத்த காகிதத்தை, கைமாறிய கம்பெனியில், கலைந்துபோன பர்சனல் டிபார்ட்மென்டில் எங்கே போய்த் தேடுவது? முழுச் சம்பளத்துக்கு பி.எஃப். பணத்தை மாதாமாதம் வாங்கிக்கொண்ட அலுவலகமே அதற்கு ஒப்புதல் காகிதம் கேட்பது நியாயமா என்று நீதிமன்றங்கள் தலையிட்டும், ஒவ்வொருவரும் தன் காகிதத்தோடு தனியாகவே போராட வேண்டியிருந்தது.

மறுப்புக் கடிதம் வந்தால் எங்கே போவது? வைப்புநிதிச் சட்டத்தின் 7-ஐ பிரிவின்படி மத்திய அரசு தொழில் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு. 2017இல் பழைய பி.எஃப். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை அதோடு இணைத்தார்கள். ஆனால் அந்தப் பிரிவு பட்டியலிட்ட உத்தரவுகளுக்கு மட்டும்தான் அந்த வழி. அவை முதன்மையாக முதலாளி கட்ட வேண்டிய பாக்கி, அபராதம் பற்றியவை. 'உங்களுக்கு உயர் ஓய்வூதியம் இல்லை' என்ற ஒரு பக்கக் கடிதம் அந்தப் பட்டியலில் வராது. முதலாளிக்கு மேல்முறையீடு இருக்கிறது, தொழிலாளிக்கு ரிட் மட்டும்தான்.

தொழிற்தகராறு சட்டம் உதவுமா? கூட்டாகக் கேட்பதற்கு நம் நாட்டில் மிகப் பழைய, மிக வலிமையான கருவியாக 2025 வரை இருந்தது அதுதான். சங்கம் எழுப்பும் தகராறில் எல்லோரும் அடக்கம். ஆனால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான தகராறு. பென்ஷன் தருவது இ.பி.எஃப்.ஓ. அது முதலாளி அல்ல. தொழிலாளி என்ற வரையறைக்குள் மேலாளர்கள் வரமாட்டார்கள். பென்ஷன் திட்டத்தில் அவர்களும் இருக்கிறார்கள். 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை இன்னும் இறுகியிருக்கிறது. பேச்சுவார்த்தைச் சங்கம் என்ற தகுதிக்கு வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளர்களில் 51 சதவீதம் வேண்டும்; ஓய்வுபெற்றவர் அந்தப் பதிவேட்டில் இல்லை. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, முதலாளியின் பாக்கியை நிர்ணயிக்கும் விசாரணையைத் தகராறு எழுந்த ஐந்து ஆண்டுக்குள் தொடங்க வேண்டும். பென்ஷன் பங்கு குறைந்திருப்பது முப்பது ஆண்டு கழித்து, ஓய்வுபெறும் மாதத்தில்தான் தெரியவரும். இந்த ஐந்தாண்டு எந்த நாளிலிருந்து ஓடும் என்பதே அடுத்த பெரிய வழக்காகப் போகிறது.

பலரும் கவனிக்காத ஒரு வாசல் நுகர்வோர் ஆணையம். வைப்புநிதிச் சந்தாதாரரும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 1999 டிசம்பரில் சிவ்குமார் ஜோஷி வழக்கில் சொன்னது. 2008இல் ஓய்வூதியத் திட்டத்துக்கும் அதைப் பொருத்தியது. 2019ஆம் ஆண்டின் புதிய சட்டப்படி, புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். முன்னாள் கம்பெனி மும்பையில் பதிவானதாக இருந்தாலும், பி.எஃப். கோடு தாம்பரத்தைக் குறிக்கும் டி.பி.டி.ஏ.எம். என்று தொடங்காமல் சென்னையின் டி.என்.எம்.ஏ.எஸ். என்று தொடங்கினாலும், சேலையூரில் குடியிருப்பவர் செங்கல்பட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். முதியவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு, ஆணையத்தின் அனுமதியுடன் ஒரே அக்கறை கொண்ட பலருக்காகச் சிலர் புகார் தரவும் இடமளிக்கிறது. அந்த அனுமதி எளிதில் கிடைக்காது. 1,134 வீடுகள் கொண்ட ஒரு பெங்களூரு வளாகத்தில் 91 பேர் எல்லோருக்குமாகப் புகார் கொடுத்தபோது, மற்றவர்களின் அக்கறையும் ஒன்றே என்று மனுவில் தெளிவாகக் காட்டவில்லை என 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் கூட்டு வழக்காக ஏற்க மறுத்தது. அந்த 91 பேரின் கூட்டுப் புகாராக மட்டும் நடத்தலாம் என்றது. தவிர, ஆணையம் சேவைக் குறைபாட்டைத்தான் பார்க்கும். திட்டத்தின் விதியே தவறு என்று சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. அது உயர் நீதிமன்றத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் உரியது. கணக்குத் தவறு, தாமதம், சேவைக்காலத்தை விட்டுவிட்டது போன்ற குறைகளுக்கு நுகர்வோர் ஆணையம் நல்ல வழி. உயர் ஓய்வூதியத்துக்கு அது போதாது.

அதிகார வரம்பும் கூட்டு வழக்கும் மோதும் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கனடாவின் மான்ட்ரியால் நகரில் கான்கார்டியா பல்கலைக்கழகம் தன் ஊழியர் ஓய்வூதிய நிதியின் உபரியை எடுத்துப் பயன்படுத்தியபோது, ஓர் ஊழியர் எல்லாச் சந்தாதாரர்களுக்குமாகக் கூட்டு வழக்குத் தொடர்ந்தார். 2006இல் கனடா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் அதை நிராகரித்தது. பெரும்பான்மை ஊழியர்கள் சங்க ஒப்பந்தங்களின் கீழ் வருகிறார்கள். அந்த ஒப்பந்தங்களிலிருந்து எழும் தகராறு தொழில் நடுவரிடம்தான் போக வேண்டும். கூட்டு வழக்கு என்பது நடைமுறைக் கருவி, இல்லாத அதிகாரத்தை அது நீதிமன்றத்துக்குத் தந்துவிடாது என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரே ஓய்வூதிய நிதி, பல சங்கங்கள், சங்கமே இல்லாத ஊழியர்கள் என்றிருக்கும்போது நடுவர் எப்படி எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்வார் என்று கேட்டார்கள் மாறுபட்ட மூன்று நீதிபதிகள். எனக்கு அந்த மூவர் கேட்டதே சரியாகப் படுகிறது. நிதி ஒன்று என்றால் அதைப் பற்றிய கேள்வியும் ஒன்றுதான். ஆனாலும் கனடாத் தொழிலாளிக்கு இது இல்லையென்றால் அது என்று திட்டவட்டமான ஒரு வாசல் காட்டப்பட்டது. தாம்பரத்துக் கம்பெனித் தொழிலாளிக்குக் காட்டுவதற்கு அப்படி ஒன்று இல்லை.

மாநகரப் போக்குவரத்துக் கழகத்து ஓய்வூதியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 நவம்பர் முதல் அவர்களுக்கு அகவிலைப்படி உயர்வு நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி பேருந்து வேலைநிறுத்தத்தில் ஓய்வுபெற்றோரின் அகவிலைப்படி ஒரு முதன்மைக் கோரிக்கையாக இருந்தது. பணியிலிருக்கும் ஓட்டுநர்கள் பணியிலில்லாதவர்களுக்காக வண்டியை நிறுத்தினார்கள்.  பி.எஃப். ஓய்வூதியர்களுக்காக வண்டியை நிறுத்த யாரும் இல்லை. ஓ.எம்.ஆர்., ஜி.எஸ்.டி. சாலைகளின் பழைய தொழிற்சாலைகள் பல கைமாறின, சில மூடின. புதிதாக வந்த ஐ.டி. ஊழியர்களில் பலர் 15,000 வரம்பால் திட்டத்துக்கு வெளியே இருக்கிறார்கள். அதனால் உயர் ஓய்வூதியம் கேட்கும் கூட்டம் இனி வளராது. ஆண்டுதோறும் சாவால் குறையும். இந்த வழக்குகளில் வாய்தா என்பது வெறும் தாமதம் அல்ல.

2014 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஒரு கொள்கையை வகுத்தது. ஒருவருக்குக் கிடைத்த நிவாரணம் அதே நிலையிலுள்ள மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது பொது விதி. காலங்கடந்து விழித்து, பிறர் ஜெயித்த பிறகு வருகிறவர்களுக்கு அது மறுக்கப்படலாம். ஆனால் தீர்ப்பே பொதுவாக எல்லோருக்கும் என அளிக்கப்பட்டிருந்தால், அதைத் தேடிவந்து கொடுப்பது அதிகாரிகளின் கடமை. இந்தக் கடைசிப் பகுதியை இ.பி.எஃப்.ஓ. ஒரு முறையாவது தானாக முன்வந்து கடைப்பிடித்திருந்தால் இவ்வளவு ரிட் மனுக்கள் வந்திருக்காது.

செய்ய வேண்டியது பெரிய சட்டப் புரட்சி எதுவும் இல்லை. நிர்வாகத் தீர்ப்பாயத்தின் நான்காவது விதியைப் போன்ற ஒன்றை மத்திய அரசு தொழில் தீர்ப்பாயத்தின் நடைமுறை விதிகளில் எழுதலாம். ஓய்வூதிய மறுப்புக் கடிதத்தையும் மேல்முறையீட்டுக்குரிய உத்தரவாக்கலாம். இரண்டையும் தொழிலாளர் அமைச்சகம் முன்கையெடுத்துச் செய்ய முடியும். புதிய தொகுப்புகளுக்கான விதிகளை அமைக்கும் இந்த நேரத்தைவிட நல்ல நேரம் வராது. தொழிற்சங்கங்களும் நம் பகுதி நாடாளுமன்ற உறுப்பினர்களும் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை, வழக்கில் சேரச் சொல்லி வக்காலத்து நீட்டப்படும்போது கையெழுத்திடும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இது என் தனி மனுவா, எல்லோருக்குமான பிரதிநிதித்துவ மனுவா? தோற்றால் என்னைக் கட்டுமா? நான் 2014 செப்டம்பர் 1க்கு முன் ஓய்வுபெற்றவனா, பின்பா, அதைப் பற்றி இந்த மனுவில் என்ன எழுதியிருக்கிறது? பாஸ்புக்கின் மூன்றாம் பத்தியையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் 26(6) காகிதம் இருந்தால் அதையும் நகலெடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பணியில் இருப்பவர்கள் அந்த மூன்றாம் பத்தியை இந்த மாதமே பாருங்கள்.